பெயர் விடுபட்ட அழைப்பிதழும் பிலிப்பியர் நிருபமும்: தாழ்மையைப் பழகும் வழி

சபையில் பெருமை எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆழ்ந்த தியானம் தேவையில்லை. ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டதை நினைவுகூரும் பிரதிஷ்டைப் பண்டிகையின் அழைப்பிதழ் அச்சாகி வந்த மறுநாள் ஆலய வளாகத்தில் சிறிது நேரம் நின்றால் போதும். ஒருமுறை என் பெயரும் அதில் விடுபட்டது. சபையார் சேர்ந்து உண்ணும் அசன விருந்துக்கு அரிசி பார்த்து வாங்கியதிலிருந்து அண்டாக்களைத் திருப்பிக் கொடுத்தது வரை மூன்று வாரம் ஓடியவன் நான். அன்று வீட்டுக்கு வந்து, “கர்த்தருக்காகச் செய்தேன், பெயருக்காகவா செய்தேன்?” என்று மனைவியிடம் நான்கு முறை சொல்லியிருப்பேன். “அப்படியென்றால் ஏன் இத்தனை முறை சொல்கிறீர்கள்?” என்று அவள் கேட்டாள். இந்தக் குறிப்புகள் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

முதலில், அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதின நிருபத்தின், அதாவது கடிதத்தின், நான்கு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள். கி.மு. 42இல் நடந்த போருக்குப் பிறகு ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்ட ஊர் பிலிப்பி. ரோமக் குடியுரிமையையும் பட்டம் பதவிகளையும் பெரிதாக எண்ணிய அந்த ஊராருக்குத் தாழ்மை என்பது அடிமைகளுக்கு உரிய குணமாகத்தான் தோன்றியிருக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்த சபைக்குத்தான், கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்று, காவலில் இருந்தபடி பவுல் எழுதுகிறார். இதை அவர் வெறும் உபதேசமாகச் சொல்லவில்லை. ஒருவரையொருவர் மேன்மையானவர்களாக எண்ணுங்கள், அவரவர் தமக்கானவற்றை மட்டுமல்ல, பிறருக்கானவற்றையும் நோக்குங்கள் என்ற நடைமுறைக் கட்டளைக்கு ஆதாரமாகவே கிறிஸ்துவைக் காட்டுகிறார்.

அடுத்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அதிகாரத்தில் பவுல் யூதராகத் தமக்கிருந்த பெருமைகளை வரிசைப்படுத்துகிறார்: எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன். பிறகு அவை அனைத்தையும் நஷ்டக் கணக்கில் எழுதுகிறார். உங்கள் வரிசையை நீங்கள் எழுதுங்கள்: குடும்பத்தில் எத்தனை பேர் ஊழியக்காரர், எந்தப் பதவி, ஆலயத்துக்கு எவ்வளவு காணிக்கை, எந்த மின்விசிறியின் இறக்கையில் யார் அன்பளிப்பு என்ற எழுத்து. சாதியை விட்டுவிடாதீர்கள். பிறப்பின் பெருமையை நம்மவர்கள் செங்கல்லாகவே கட்டி எழுப்பியதுண்டு. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் வழிபட வந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. எழுதி முடித்த பின், இவற்றில் எதை மற்றவர்கள் மறந்துபோனால் எனக்குக் கோபம் வரும் என்று கேட்டு, அந்த வரிக்குக் கீழே கோடிடுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

கோடிட்ட இடத்துக்கு எதிரான செயல் ஒன்றைத் தெரிந்தெடுப்பதே பழக்கத்தின் தொடக்கம். மேடையில் இருக்கை எதிர்பார்க்கிறவர் ஒரு பண்டிகைக்காவது பந்தியில் இலை எடுக்கட்டும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிறவர் ஒருமுறை பெயரின்றிக் காணிக்கைப் பெட்டியில் போடட்டும். இதையும் ‘நான் எவ்வளவு தாழ்மையுள்ளவன்’ என்று வீட்டில் சொல்லிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதை அனுபவத்தில் அறிவேன். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, செய்த வேலையிலிருந்து கண்ணை எடுத்து, அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்த மனிதர் சாப்பிட்டாரா, அவருக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று பார்ப்பதுதான். அன்பு தற்பொழிவை, அதாவது தன்னலத்தை, நாடாது என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதன் பொருள் எனக்கு அப்படித்தான் விளங்கியது.

மன்னிப்புக் கேட்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். “நான் ஏதாவது தவறாகப் பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்” என்பது மன்னிப்பே அல்ல. தவறு நடந்ததா என்பதையே அது சந்தேகத்தில் விட்டுவிடுகிறது. “நேற்றுக் கமிட்டியில் எல்லாருக்கும் முன்பாக உங்கள் கணக்கைச் சந்தேகித்துப் பேசினேன், அது தவறு” என்று செயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்த சொல் “ஆனால்” என்று வருமானால், வாயை மூடிக்கொள்வது மேல். எல்லாருக்கும் முன்பாகப் பேசியதை எல்லாருக்கும் முன்பாகவே திரும்பப் பெறுங்கள்.

தாழ்மை என்றால் யார் எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்வது என்று சிலர், பெரும்பாலும் பிறரைப் பொறுக்கச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள், போதிப்பதுண்டு. அதே பிலிப்பியில் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்ட பவுலை, மறுநாள் இரகசியமாய் அனுப்பிவிட அதிகாரிகள் பார்த்தபோது, ரோமர்களாகிய எங்களை வெளியே கொண்டுவர அவர்களே வரட்டும் என்று அவர் மறுத்துவிட்டார். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடமோ கூலி கிடைக்காத வேலையாளிடமோ தாழ்மையைப் பிரசங்கிக்க வேண்டாம். அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பதே அங்கே அன்பு.

கடைசியாக, இருவர் பேசாமலிருக்கும் சண்டை ஒன்று உங்கள் சபையிலும் இருக்கும். பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்கள் ஒருமனப்படாமல் இருந்தார்கள். சுவிசேஷத்துக்காகக் கூடப் பாடுபட்டவர்கள் என்று பவுல் இருவரையும் ஒரே வாக்கியத்தில் பாராட்டுகிறார், யார் பக்கம் நியாயம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்வாறே இருவரையும் தனித்தனியே சந்தித்து, மற்றவர் செய்த நன்மை ஒன்றை இவரிடம் நினைவூட்டுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு உதவும்படி பவுல் இன்னொருவரை வேண்டிக்கொள்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் அவருக்குப் பெயர் இல்லை, “உத்தம கூட்டாளி” என்று மட்டுமே இருக்கிறது.