உயிலில் பெயர் உள்ளவர் முன்பே இறந்துவிட்டால் சொத்து யாருக்கு?

முதலில் உயில் எழுதியவர், அதில் பெயர் உள்ளவர் இருவரின் இறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். உயில் எழுதியவருக்குப் பின் ஒரு நாள் உயிரோடு இருந்திருந்தாலும் சொத்து பெயர் உள்ளவருக்குச் சேர்ந்துவிட்டது. அவருடைய வாரிசுகள் கேட்கலாம். முன்பே இறந்திருந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, 105-வது பிரிவுப்படி அந்த ஏற்பாடு விழுந்துவிடும், அதாவது செல்லாமல் போகும். (முஸ்லிம்களின் உயிலுக்கு இந்தப் பிரிவுகள் பொருந்தாது.) "அவர் இல்லையென்றால் இன்னாருக்கு" என்று உயிலிலேயே இருந்தால் அதன்படி போகும்.

அடுத்து வாசகம். "வீட்டைத் தம்பிக்கும் தங்கைக்கும் கொடுக்கிறேன்" என்று மொத்தமாக இருந்தால், தம்பி முன்பே இறந்தாலும் முழு வீடும் தங்கைக்கே (106-வது பிரிவு). "சம பாகமாக" என்ற சொல் சேர்ந்திருந்தால் தம்பியின் பாதி தங்கைக்குப் போகாது, மீதிச் சொத்தில் (உயிலில் தனியாக யாருக்கும் ஒதுக்காததில்) சேரும் (107). வழக்குகள் முளைப்பது இப்படிப்பட்ட ஒற்றைச் சொல்லில்தான்.

"மீதமுள்ளதெல்லாம் இன்னாருக்கு" என்ற வரி இருந்தால் விழுந்த சொத்து அவருக்கு. இல்லாவிட்டால் உயில் எழுதாத சொத்துபோல் சட்ட வாரிசுகளுக்கு. மீதிச் சொத்தையே மூவருக்குச் சம பாகமாக எழுதி அதில் ஒருவர் முன்பே இறந்தால்? அந்தப் பங்கு மற்ற இருவருக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அதுவும் சட்ட வாரிசுகளுக்கே (108).

பிள்ளை, பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு (109). மகன் முன்பே இறந்தும், அவருக்குப் பிறந்த பிள்ளை உயில் எழுதியவருக்குப் பின் உயிரோடு இருந்தால் ஏற்பாடு விழாது. ஆனால் சொத்து நேராகப் பேரனுக்குப் போய்விடாது! தந்தைக்கு அடுத்த கணம் மகன் இறந்ததாகக் கணக்கு. மகன் உயில் எழுதியிருந்தால் அதன்படி. எழுதாத இந்து என்றால் தாய், மனைவி, ஒரு பிள்ளை மூவருக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு. மகனுக்குப் பிள்ளையே இல்லையென்றால் ஏற்பாடு விழும். அந்த உயில் வரியைக் காட்டி மருமகள் எதுவும் கேட்க முடியாது. மனைவி, உடன்பிறந்தவர், மருமகன் ஆகியோருக்கு எழுதியவற்றுக்கும் இந்த விலக்கு கிடையாது.

உயில் எழுதியவர் இன்னும் இருக்கிறார் என்றால், இறந்தவரின் பெயரைப் பேனாவால் அடித்துத் திருத்த வேண்டாம். கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் இல்லாத திருத்தம் செல்லாது (71). புதிய உயிலே நல்லது. பழையது பதிவானதாக இருந்தாலும், முறையாக எழுதிய புதியது பதிவில்லாமலே செல்லும். ஒவ்வொரு பங்குக்கும் மாற்று ஆள் யார் என்று அதில் எழுதுங்கள்.