நட்சத்திர முக்கோணம் ஏன் கோணலாக வருகிறது?

நிரல் எழுதுவதில் லூப்புக்குள் லூப் (கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்றுக்குள் இன்னொரு சுற்று) பழகத் தொடங்கியதும் எல்லோரும் போடுவது நட்சத்திர முக்கோணம். முதல் வரியில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, ஐந்தாவதில் ஐந்து. ஓட்டிப் பார்த்தால் வேறு ஏதோ வந்து நிற்கும். உடனே அழித்துவிட்டு வேறொருவர் எழுதிய விடையைத் தேடிப் போகாதீர்கள். தப்பாக வந்த உருவத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், எங்கே தப்பு என்று அதுவே சொல்லிவிடும்.

15 நட்சத்திரமும் ஒன்றின் கீழ் ஒன்றாக விழுந்தால், புதுவரிக்குப் போகும் கட்டளை உள் லூப்புக்குள் மாட்டியிருக்கிறது. அதை உள் லூப் முடிந்த பிறகு வையுங்கள். பைத்தானில் அச்சிடும் கட்டளையான பிரிண்ட் தானாகவே வரியை மாற்றிவிடும். பிரிண்டுக்குள் 'எண்ட்' (end) என்பதற்கு வெற்று மேற்கோளைக் கொடுத்து அதைத் தடுக்க வேண்டும்.

வரிக்கு ஒரே ஒரு நட்சத்திரமாக ஐந்து வரி வந்தால்? பலரும் திணறுவது இங்கேதான். எத்தனையாவது வரி என்று வெளி லூப்பில் எண்ணுவது ஐ (i), வரிக்குள் நட்சத்திரங்களை உள் லூப்பில் எண்ணுவது ஜே (j); ஜே ஐயைத் தாண்டும்வரை உள் லூப் சுற்றும். பெரும்பாலும் ஜே = 1 என்பதை வெளி லூப்புக்கு மேலேயே எழுதியிருப்பீர்கள். ஐ 1, ஜே 1: ஒரு நட்சத்திரம், ஜே 2 ஆகிறது. அடுத்த வரியில் ஐ 2, ஜே ஏற்கெனவே 2. அதனால் மறுபடியும் ஒன்றுதான் அச்சாகும். ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது ஜே 1க்குத் திரும்பியாக வேண்டும். சி மொழியில் உள் ஃபார் வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டுவிட்டாலும் இதே உருவம்தான் வரும். லூப் சும்மா சுற்றி முடிந்து, நட்சத்திரம் ஒரே முறை அச்சாகும்.

ஒரு வரி குறைகிறதா? பைத்தானில் ரேஞ்ச்(1, 5) என்றால் 4 வரைதான். 6 என்று கொடுங்கள்.

சரி, பிரமிடு. இங்கே நேராக விசைப்பலகையில் கை வைப்பதுதான் பெரிய தவறு. முதலில் தாளில் எழுதுங்கள்:

வரி 1: இடைவெளி 4, நட்சத்திரம் 1
வரி 2: இடைவெளி 3, நட்சத்திரம் 3
வரி 3: இடைவெளி 2, நட்சத்திரம் 5

இடைவெளி 5 - ஐ, நட்சத்திரம் 2 × ஐ - 1 என்பது எழுதும்போதே கண்ணில் படும். இரண்டுக்கும் தனித்தனி உள் லூப். நட்சத்திரத்தோடு ஓர் இடைவெளியையும் சேர்த்து அச்சிட்டால் பிரமிடு வலப்பக்கம் சாய்ந்துவிடும். இடைவெளியோடுதான் வேண்டுமென்றால் வரிக்கு ஐ (i) நட்சத்திரம் போதும், பிரமிடு நேராக நிற்கும். தலைகீழ்ப் பிரமிடுக்கும் இதே கணக்குதான், ஐ மட்டும் 5இல் தொடங்கி 1க்கு இறங்க வேண்டும்.