குளிர்காலத்துல கோழிக்கூண்ட மூடி அடைச்சிடாதீங்க

குளிர் ஆரம்பிச்சதுமே நிறைய பேரு பண்ற மொத வேலை, கூண்டச் சுத்தி தார்ப்பாய் போட்டு, இருக்கற ஓட்டையிலெல்லாம் சாக்கத் திணிச்சு, காத்தே போகாத மாதிரி அடைச்சிடறது. பாசத்துல பண்றதுதான், ஆனா கோழிக்கு கெடுதலே அதுதான். கோழி உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் கிட்ட இருக்கும், மேல இறகுப் போர்வை வேற, நல்லா இறகு முளைச்ச ஆரோக்கியமான பெருங்கோழி காஞ்ச குளிர நல்லாவே தாங்கும். தாங்காதது ஈரம். ராத்திரி பூரா அது விடற மூச்சுலயும் போடற எச்சத்துலயும் அவ்ளோ தண்ணி இருக்கு, வெளிய போக வழியில்லன்னா உள்ளயே தங்கி, உறைபனி விழற நேரத்துல கொண்டை, தாடி நுனியெல்லாம் கருத்துப் போயிடும்.

காலைல கதவத் திறந்ததும் குனிஞ்சு மூக்க உள்ள விட்டுப் பாருங்க. கண்ணெரியற மாதிரி அமோனியா வாடை வந்தாலோ, கூரை உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருந்தாலோ காத்தோட்டம் பத்தலன்னு அர்த்தம். காத்து போற வழி கோழி உக்கார்ற உயரத்துக்கு மேல, கூரைய ஒட்டி இருக்கணும். கீழ இருக்கற சந்து பொந்தெல்லாம் தாராளமா அடைங்க, ஏன்னா நேரா கோழி மேல அடிக்கற காத்து இறகத் தூக்கிவிட்டு உள்ள இருக்கற சூட்ட கொண்டு போயிடும்.

உக்கார இரும்பு பைப் வேண்டாம், ஜில்லுன்னு இருக்கும். நாலு இன்ச் அகலத்துல தட்டையான மரக்கட்டை போட்டா, விரலு மேலயே வயித்த வச்சு மூடிக்கும். தரையில உமியோ மரச்சீவலோ ஒரு அரை அடி போட்டு அப்பப்போ கிளறி விடுங்க, நனைஞ்சத மட்டும் அள்ளிடுங்க.

ஹீட் லேம்ப் பத்தி கேப்பீங்க. பெரிய கோழிக்கு தேவையே இல்ல, தூசியும் கூளமும் இருக்கற எடத்துல அது கழண்டு விழுந்தா தீதான். டெஃப்லான் பூச்சு உள்ள பல்ப் சூடானா வர்ற புகை வேற கோழிய கொன்னுடும். குஞ்சு கதை தனி, அதுக்கு மொத வாரம் 35 டிகிரி கிட்ட வேணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி கொறைச்சு, சுமார் ஆறு வாரத்துல இறகு முளைச்சதும் நிறுத்திக்கலாம். தெர்மாமீட்டர விட குஞ்சயே பாருங்க, பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கத்துச்சுன்னா குளிருது, ஓரமா ஒதுங்கி வாயப் பொளந்துட்டு நின்னா சூடு ஜாஸ்தி.

தண்ணி உறையற ஊர்னா ரெண்டு பாத்திரம் வச்சு மாத்தி மாத்தி வெதுவெதுப்பா வைங்க, தண்ணி இல்லன்னா தீனியும் எடுக்காது. ராத்திரி கூண்டுக்குள்ள தண்ணி வேண்டாம், அதுவும் ஈரம்தான். சாயங்காலம் வழக்கமான தீனியோட ஒரு கைப்பிடி மக்காச்சோளம் போட்டா அது செரிக்கற சூடு ராத்திரிக்கு உதவும்.

முட்ட கொறைஞ்சா பயப்படாதீங்க, பகல் வெளிச்சம் கொறையறதுதான் முக்கிய காரணம். விடியறதுக்கு முன்னாடி ஒரு சின்ன எல்இடி போட்டு வெளிச்ச நேரத்த 14 மணி நேரமாக்கலாம், நான் போடறதில்ல, கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டுமே. காத்துக்கு விட்ட வழியில மட்டும் சாதா கோழிவலை கட்டாதீங்க, பசியில வர்ற நாய் கிழிச்சிடும், அரை இன்ச் கண்ணு உள்ள வெல்டு மெஷ் (கம்பிய பத்த வச்ச கெட்டி வலை) அடிச்சு ஓரத்த ஸ்க்ரூ போட்டு டைட் பண்ணிடுங்க.