பழைய கலைக் கண்ணாடி: வாங்குமுன் பாருங்கள், பிறகு பேணுங்கள்

1877இல் திறந்த கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால், உடையும் பொருள்களை எப்படித் தாங்கி வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

வாங்குமுன் பூச்சாடியைக் கவிழ்த்து அடியைத் தடவுங்கள். கையால் ஊதியதில் பெரும்பாலும் செய்யும்போது அடியில் ஒட்டிப் பிடித்த இரும்புக் கம்பியை முறித்த வடுவோ, அதைத் தேய்த்த குழியோ இருக்கும். பழைய அடியில் கீறல்கள் தாறுமாறாக ஓடும். எல்லாம் ஒரே திசையில் என்றால் அரத்தாள் வேலையாக இருக்கலாம். பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலே (1846–1904) பெயருள்ளவற்றில் இன்னும் கவனம் தேவை: ருமேனியப் பிரதிகள் பலவற்றில் பெயரருகே டி, ஐ, பி (TIP) என்ற எழுத்துகள் இருக்கும். அவற்றைத் தேய்த்து அழித்தும் விற்கிறார்கள்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு கையை அடியிலும் மறு கையை உடலிலும் கொடுத்துத் தூக்குங்கள். விளிம்பிலோ பிடியிலோ தூக்கவே வேண்டாம். பருத்திக் கையுறை வழுக்கும்.

கொழும்பின் ஈரக் காற்றில் சில கண்ணாடிகள் வியர்த்து வழுவழுக்கும். கண்ணாடியிலேயே உள்ள காரப்பொருள் கசிவதுதான் காரணம். மிகவும் உலர்த்தினாலும் நுண்வெடிப்பு விழும். அலுமாரியில் ஈரப்பதம் 40 வீதத்தையொட்டி நிலையாக இருக்கட்டும்.