கூரைக்கடியில் பயற்றங்காய்: இலை நோயில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்டுப் பயற்றங்காய் நட்டவர்கள் கேட்பது இதுதான்: “மழையே படலையே, அப்புறம் எப்படிப் பூஞ்சை வந்துச்சு?” முதல் தவறு அந்த நம்பிக்கையிலேயே இருக்கிறது. கூரை மழையைத் தடுக்கும், ஈரக்காற்றைத் தடுக்காது. பூச்சிக்குப் பயந்து நாலு பக்கமும் நெருக்கமான வலை கட்டிவிட்டால் உள்ளே சேரும் ஈரம் வெளியேறவும் வழியில்லை. விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கூரையின் அடியில் நீர் கோத்து இலைமேல் சொட்டிக்கொண்டிருக்கும். துரு நோய்க்கு அது போதும்; இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் அந்தப் பூஞ்சையின் வித்து, அதாவது தூள்போன்ற நுண்விதை, முளைத்து உள்ளே இறங்கிவிடும்.

சாம்பல் நோயின் குணம் வேறு. அதற்கு இலை நனையவே வேண்டாம், காற்றில் ஈரம் இருந்தாலே போதும். வெட்டவெளியில் மழை அதைக் கழுவிவிடும். கூரைக்கடியில் கழுவ யார் இருக்கிறார்கள்? அதனால்தான் தைப்பூசத்தையொட்டிய வறண்ட வாரங்களிலும் இலைகள் மாவு தூவியதுபோல் வெளுக்கின்றன.

எல்லாப் புள்ளிக்கும் ஒரே மருந்து அடிப்பது அடுத்த தவறு. வெள்ளை டிஷ்யூவால் இலையின் இரு பக்கத்தையும் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் ஒட்டினால் துரு. மாவாக வந்தால் சாம்பல் நோய். ஒன்றும் ஒட்டாமல் பழுப்புப் புள்ளி அப்படியே இருந்தால் பெரும்பாலும் இலைப்புள்ளி நோய்.

சமையல் சோடா, பால் இரண்டும் சாம்பல் நோய்க்குத்தான் நன்றாகக் கேட்கும், அதுவும் ஆரம்பத்திலேயே அடித்தால். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சோடாவும் சில சொட்டு சோப்பும் போதும். பால் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். சோடா கூடினால் சீக்கிரம் தீரும் என்று நான் மூன்று கரண்டி போட்டேன். நோய் போனதோ இல்லையோ, இலை விளிம்பெல்லாம் கருகிப்போனது. முற்றிய துருவுக்கு இவற்றை நம்ப வேண்டாம். அந்த இலைகளைக் கிள்ளி எடுப்பதுதான் வழி.

பலர் சாயங்காலம் தெளிக்கிறார்கள். வெயில் இல்லை, வசதிதான். ஆனால் இலை இரவு முழுக்க ஈரமாகவே கிடக்கும். உச்சி வெயிலில் வேப்பெண்ணெய் அடித்தால் இலை பொசுங்கும். பினாங்கில் ஏழரை மணிவாக்கில் தெளித்தால் வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். மேற்புறத்தை மட்டும் நனைத்துவிட்டுப் போகாதீர்கள், துரு குடியிருப்பது பெரும்பாலும் அடிப்பக்கத்தில். தண்ணீரையும் காலையிலேயே, வேரில் ஊற்றுங்கள்.

டிரைக்கோடெர்மா வாங்கி இலையில் அடித்துவிட்டுப் பலனில்லை என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. அது முக்கியமாக மண்ணில் வேர் அழுகலுக்கு எதிராக வேலை செய்யும் பூஞ்சை. அதோடு ரசாயனப் பூஞ்சைக்கொல்லியையும் கலந்தால் காசு கொடுத்து வாங்கியதை நாமே கொன்றதாகும்.

கோழி எருவை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். தழை மதமதவென்று வளர்ந்து பந்தல் அடைத்துக்கொள்ளும், காற்று புகாது. முழங்காலுக்குக் கீழே உள்ள பழுத்த இலைகளை வாரம் ஒருமுறை எடுத்துவிடுங்கள். மருந்து வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன். எடுத்ததை வரப்போரம் போட்டு வைக்காதீர்கள். திறந்தவெளி எரிப்புக்கு மலேசியச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு, ஆகவே ஆழமாகப் புதைக்கலாம், அல்லது கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வேகவிடலாம்.

இலை ஈரமாக இருக்கும்போது காய் பறித்தால் நம் கையும் சட்டையுமே நோயைப் பரப்பும். சந்தைக்கு நேரமாகிறதே என்று விடியுமுன் இறங்குபவர்களுக்கு இது சிரமம்தான். சரி, நோய் கண்ட வரிசையையாவது கடைசியில் பறியுங்கள்.