ஆர்க்கிட்டுக்கு மண்புழு டீ: தயாரிப்பது முதல் தெளிப்பது வரை

காலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் உங்கள் ஆர்க்கிட்டின் வேர் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாம்பல் பூத்த வெள்ளையாக, உலர்ந்து கிடக்கும். அதன் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கண் முன்னாலேயே பச்சை ஏறும். வேரைச் சுற்றி வெலமென் என்று ஒரு பஞ்சுப் படலம் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்திருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. நனைந்ததும் உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. தண்ணீரையும் அதில் கரைந்திருப்பதையும் அந்தப் பஞ்சு சட்டென்று பிடித்துக்கொள்ளும். சத்தைப் பிடிப்பது போலவே உப்பையும் பிடிக்கும். கீழே நான் சொல்லும் அளவுகள் எல்லாமே அந்தப் பஞ்சை மனதில் வைத்துச் சொல்பவை.

இதை நான் கற்றுக்கொண்டது டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையில் ஒரு செடியைக் கெடுத்த பிறகு. மண்புழுத் தொட்டியின் அடிக்குழாயில் கறுப்பாக வடிந்த தண்ணீரை, ‘நல்ல கெட்டியாக இருக்கிறதே’ என்று அப்படியே ஊற்றிவிட்டேன். ஒரே வாரத்தில் பச்சை வேர் நுனிகள் கறுத்துச் சுருங்கின. அந்தச் செடி மறுபடி வேர் விட எட்டு மாதம் பிடித்தது. ஆகவே செய்முறைக்குள் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

மூன்று தண்ணீர், மூன்று குணம்

மண்புழுவை வைத்துக் கிடைக்கும் திரவங்கள் மூன்று. மூன்றையும் ‘மண்புழு தண்ணீர்’ என்றே எல்லோரும் சொல்வதால்தான் தவறு நடக்கிறது.

முதலாவது, நான் ஊற்றிக் கெடுத்த வடிநீர். காய்கறிக் கழிவு அழுகும்போது தொட்டியின் அடியில் தானாகத் தேங்குவது. பாதி மட்கிய பொருள்களின் சாறும் உப்பும் அதில் இருக்கும். காற்றுப் படாமல் கிடந்ததால் நாற்றமும் வரும். ஆர்க்கிட் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது வெர்மிவாஷ், அதாவது மண்புழுக் குளியல் நீர். அடியில் செங்கல் துண்டு, அதன் மேல் மணல், அதன் மேல் மண், மேலே சாணமும் வைக்கோலும் போட்டுப் புழுக்களை விட்டு, மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை இறக்கி எடுப்பது. சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் நம் விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்த முறை. அருமையானது. ஆனால் தொட்டி பழகி முடிக்கச் சில வாரம் ஆகும், இடமும் வேண்டும்.

மூன்றாவதுதான் மண்புழு டீ. நன்றாக மட்கிய மண்புழு உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காற்று ஊதி, வடிகட்டி எடுப்பது. பால்கனியில் நாலைந்து தொட்டி வைத்திருப்பவருக்கு இதுவே போதும். ஒரே நாளில் தயாராகிவிடும்.

ஆர்க்கிட்டுக்கு ஏன் இது ஒத்துப்போகிறது

டென்ட்ரோபியம், வாண்டா, ஃபெலனாப்சிஸ் எல்லாம் காட்டில் மரத்தில் தொற்றி வாழ்பவை. ஏற்காட்டில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் சேர்வராயன் மலை மரங்களையும் அண்ணாந்து பாருங்கள். கிளையில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட், மரத்தின் சாற்றைக் குடிப்பதில்லை. அது ஒட்டுண்ணி அல்ல. மழை பெய்யும்போது பட்டை வழியே வழிந்து வரும் தண்ணீரில் மட்கிய இலை, பறவை எச்சம், தூசி எல்லாம் மிக மெல்லிசாகக் கரைந்திருக்கும். அதுதான் அதன் சாப்பாடு. நாமோ அதைக் கரித்துண்டிலும் ஓட்டுச் சில்லிலும் வைத்து வளர்க்கிறோம். கரியில் சாப்பிட ஒன்றும் இல்லை. பட்டை வழியே வரும் அந்த மழைத் தண்ணீரைத்தான் மண்புழு டீ என்ற பெயரில் நாம் செய்து கொடுக்கிறோம்.

தேவையானவை

மண்புழு உரம் 200 கிராம், அதாவது தாராளமாக இரண்டு கைப்பிடி. தண்ணீர் 4 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் வாளி. பழைய வேட்டித் துணி. மீன் தொட்டிக்குப் போடும் சின்ன ஏர் பம்ப், அதன் குழாய், நுனியில் மாட்டும் காற்றுக்கல். கைத்தெளிப்பான் ஒன்று.

உரத்தை வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். நன்கு மட்கியது பில்டர் காபித் தூள் போலக் குருணை குருணையாக உதிரும். முதல் மழை மண்வாசனை அடிக்கும். அந்த வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. சாண வாடையோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் பக்குவப்படவில்லை என்று அர்த்தம். அப்படியே ஒரு மாதம் நிழலில் ஈரமாக வைத்திருங்கள்.

தண்ணீரில்தான் நம் ஊரில் பலரும் கோட்டை விடுகிறார்கள். மழைத் தண்ணீர் முதல் தரம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகு எடுங்கள். உப்பான போர் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் உப்பு முழுவதும் சேர்ந்திருக்கும், ஆர்க்கிட்டுக்கு ஆகவே ஆகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் இருந்தால் நான் பார்க்கும் கணக்கு 200-க்குக் கீழே.

படி 1: ஊறப் போடுவது

உரத்தை வேட்டித் துணியில் கொட்டித் தளர்வாக மூட்டை கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் தண்ணீர் போகாது. மூட்டையை வாளித் தண்ணீரில் தொங்க விடுங்கள். சாயங்காலம் ஆரம்பித்தால் மறுநாள் சாயங்காலம் முடியும். ஆனால் தெளிக்க வேண்டியது காலையில். அதனால் காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு எடுப்பதுதான் வசதி.

படி 2: காற்று ஊதுவது

காற்றுக்கல்லை வாளியின் அடியில் போட்டு பம்பை ஓட விடுங்கள். பம்ப் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கரண்டு போனால் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி ஏறி மோட்டாருக்குள் போய்விடும். வாளி நிழலில் இருக்க வேண்டும்.

பம்ப் இல்லையா? 12 மணி நேரம் மட்டும் ஊறவைத்து, இடையில் ஐந்தாறு முறை குச்சியால் நுரை வரக் கலக்குங்கள். கொஞ்சம் வீரியம் குறையும், பாதகமில்லை.

நாட்டுச் சர்க்கரையோ வெல்லப்பாகோ சேர்க்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள். சேர்த்தால் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும், உண்மைதான். ஆனால் நல்லது மட்டும் பெருகும் என்று சொல்ல முடியாது. சாணத்திலிருந்து வந்த ஈ.கோலை போன்ற, நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்தே பெருகலாம். முதல்முறை செய்பவர்கள் சர்க்கரை இல்லாமலே செய்யுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

படி 3: முகர்ந்து பார்ப்பது

இந்தப் படியை யாரும் தாண்டிவிடாதீர்கள். மூட்டையை எடுத்துவிட்டு வாளிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோங்கள். மண்வாசனை வந்தால் நல்ல டீ. சாக்கடை நாற்றம், முட்டை நாற்றம், புளித்த வாடை எது வந்தாலும் காற்று போதவில்லை, கெட்ட நுண்ணுயிர்கள் ஏறிவிட்டன. அதை ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் கலந்துகூடக் கொடுக்க வேண்டாம். மட்குத் தொட்டியில் ஊற்றிவிடுங்கள்.

படி 4: இரண்டு தரம் வடிகட்டுவது

தக்காளிச் செடிக்கு என்றால் ஒரு தரம் போதும். இங்கே மடித்த துணியில் இரண்டாவது தரமும் வடிகட்ட வேண்டும். நுண்ணிய வண்டல் கரித்துண்டுகளின் இடுக்கில் சேர்ந்துகொண்டே போனால், காற்றோட்டமான தொட்டி சில மாதங்களில் சேறாகிவிடும். ஆர்க்கிட் வேருக்கு மூச்சு விட இடம் வேண்டும், சேற்றில் அழுகிவிடும். தெளிப்பான் மூக்கும் அடைத்துக்கொள்ளும். துணியில் மிஞ்சும் சக்கையை ரோஜாவுக்கோ துளசிக்கோ போடலாம்.

படி 5: தண்ணீர் சேர்ப்பது

ஒரு பங்கு டீக்கு நாலு பங்கு தண்ணீர். கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வைக்கோல் நிறம் தெரிய வேண்டும். காபி நிறத்தில் இருந்தால் இன்னும் தண்ணீர் சேருங்கள். சின்னக் கன்றுகளுக்கும் இப்போதுதான் தொட்டி மாற்றிய செடிக்கும் எட்டுப் பங்கு தண்ணீர். டீக்குப் பதில் வெர்மிவாஷ் வைத்திருப்பவர்கள் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேருங்கள்.

கலந்ததை நாலைந்து மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பாட்டிலில் மூடி வைத்து அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்க முடியாது. காற்று நின்றதும் உள்ளே இருக்கும் உயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அழுகத் தொடங்கும்.

படி 6: கொடுப்பது

முதலில் வெறும் தண்ணீர் தெளித்து வேரைப் பச்சையாக்குங்கள். பத்து நிமிடம் கழித்து டீயை ஊற்றுங்கள். காய்ந்த பஞ்சு முதல் மடக்கிலேயே உப்பை இழுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. தொட்டியின் அடித்துளை வழியே வடிந்து ஓடும் அளவுக்கு ஊற்றலாம். அடித்தட்டில் தேங்க விடக்கூடாது. வாண்டா மாதிரி வேர் தொங்கும் செடிக்கு வேர் முழுக்கத் தெளித்தால் போதும்.

காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஃபெலனாப்சிஸ் வைத்திருப்பவர்கள் ரொம்பக் கவனிக்க வேண்டும்: இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால், ராத்திரிக்குள் காயாவிட்டால், குருத்து அழுகிச் செடியே போய்விடும். டிஷ்யூ பேப்பரின் முனையைத் திரித்து அந்த ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். விரிந்த பூவின் மேல் தெளிக்க வேண்டாம், கறை விழும்.

வாரம் ஒரு தரம் டீ. நாலாவது வாரம் வெறும் தண்ணீர் மட்டும், தாராளமாக ஊற்றித் தொட்டியைக் கழுவிவிட வேண்டும். டென்ட்ரோபியத்தில் அடியிலிருந்து புதுத் தண்டு கிளம்பும் காலத்தில் டீ கொடுக்க வேண்டிய ஒரு வாரமும் தவறக் கூடாது. தண்டு முற்றி வளர்ச்சி நின்றதும் மாதம் இரு முறை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான் டீயை நிறுத்திவிடுவேன். தொட்டி காயாத நாளில் மேலும் ஈரம் சேர்ப்பது அழுகலைக் கூப்பிடுவதுதான்.

டீ மட்டுமே போதுமா என்றால், செடி உயிரோடு செழிப்பாக இருக்கப் போதும். கொத்துக் கொத்தாகப் பூக்க வேண்டுமென்றால் மாதம் இரு முறை, டீ கொடுக்காத நாளில், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம் கலந்து கொடுக்கிறேன். இயற்கை உரம் மட்டும்தான் என்று இருப்பவர்களை மதிக்கிறேன். மண்புழு டீயில் சத்தின் அளவு குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு பொறுமையாக இருங்கள்.

பூச்சிக்கு எப்படி

அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ், நார்மன் அரன்கான் குழுவினர் மண்புழு உரச் சாற்றைத் தக்காளி, வெள்ளரிச் செடிகளின் வேரில் ஊற்றிப் பார்த்தார்கள். அசுவினி, மாவுப்பூச்சி, சிலந்திப்பூச்சி மூன்றுமே அந்தச் செடிகளில் குறைவாகப் பெருகின. 2010-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. கவனிக்க வேண்டியது, சாற்றைப் பூச்சி மேல் அடிக்கவில்லை, வேரில் ஊற்றினார்கள். அது ஆர்க்கிட்டில் செய்த சோதனையும் அல்ல. ஆகவே மருந்து அடித்ததும் பூச்சி செத்து விழும் என்ற எதிர்பார்ப்பு வேண்டாம். செடி பூச்சிக்குப் பிடிக்காத செடியாக மெல்ல மாறும், அவ்வளவுதான்.

என் வழக்கம் இது. இலையின் அடிப்புறத்தையும், தண்டும் இலையும் சேரும் கணுவையும் வாரம் ஒரு தரம் விரலால் தடவிப் பார்ப்பேன். வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி தென்பட்டால் முதலில் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுப்பேன். மறுநாளிலிருந்து ஐந்து நாளுக்கு ஒரு தரமாக மூன்று முறை டீயை வேரில் ஊற்றி, இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பேன். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளை இடையில் தேடித் துடைப்பதும் நடக்கும். மே மாத வெயிலில் சிவப்புச் சிலந்தி வந்தால் இலை அடியில் ஓங்கித் தண்ணீர் பீய்ச்சுவதே பாதி வேலையை முடித்துவிடும், டீ அதற்குத் துணை.

செதில் பூச்சி கெட்டியான ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும். நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல்தான் அடிக்க வேண்டும். நத்தைக்கு டீ எதுவும் செய்யாது. ராத்திரி டார்ச் அடித்துக் கையால் பொறுக்குங்கள். இலையிலோ தண்டிலோ தண்ணீர் கோத்ததுபோல் கறுப்பாகப் பரவினால் அது அழுகல் நோய். ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் நல்ல பாகம் வரை வெட்டி, வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைப் பொடி வைத்து, செடியைக் காய விடுங்கள். அப்போது டீ கொடுக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினா பக்கத்தில் இருந்தால் அதன் மேல் படாமல் தெளியுங்கள்.

முதல் மாதம்

எல்லாத் தொட்டிக்கும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, வெளியே தெரியும் ஒரு வேரின் பச்சை நுனிக்கு ஒரு விரற்கடை பின்னால் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நுனி பளபளப்பாக, பச்சையாகவோ ஊதாவாகவோ நீண்டுகொண்டே போனால் அந்த அளவு உங்கள் வீட்டுச் செடிக்கு ஒத்துக்கொண்டது. மற்றத் தொட்டிகளுக்கும் கொடுக்கலாம். நுனி கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு, மூன்று நாள் காலையில் வெறும் தண்ணீரால் தொட்டியைக் கழுவி, புது நுனி வரும்வரை காத்திருந்து, அடுத்த முறை எட்டுப் பங்கு தண்ணீரில் தொடங்குங்கள்.