கோடிட்ட இடம் காதில் விழாது: பார்வையற்ற மாணவருக்கு ஆங்கிலப் பயிற்சித்தாள் தயாரிப்பது எப்படி?

எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டில், ஆங்கிலம் கற்பித்தல் என்ற தாளுக்காக இருபது வாக்கியங்கள் கொண்ட ஒரு பயிற்சி தயாரித்தேன். எல்லாம் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' வகை. குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வந்து படித்த பார்வையற்ற தோழி ஒருத்தியிடம் கோப்பைக் கொடுத்தேன். மடிக்கணினியில் முதல் வாக்கியத்தை மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "'ஷி டு ஸ்கூல் எவ்ரி டே' என்று படிக்கிறது. இது பிழை திருத்தும் பயிற்சியா?" என்று கேட்டாள்.

நான் வரிசையாகத் தட்டி வைத்திருந்த அடிக்கோடுகளை, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் அவளுடைய ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் படிக்கவே இல்லை. கண்ணுக்குக் கோடாகத் தெரிந்த இடம் காதுக்கு இல்லாமலே போய்விட்டது. இன்று காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆங்கிலம் கற்பித்தலையும் எல்லோருக்கும் எட்டும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் படிக்க விரும்பி, அதில் திட்டக் கட்டுரை எழுத நினைக்கும் மாணவர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

நூல்களைப் புரட்டுவதற்கு முன் ஒரு வாரம் காதால் படித்துப் பாருங்கள். விண்டோஸ் கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகவே கிடைக்கிறது. பார்வையற்றவர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ என்ற இரு ஆஸ்திரேலியர்கள் 2006இல் தொடங்கிய பணி அது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அதே வேலையைச் செய்யும் 'டாக்பேக்' இருக்கிறது. என்.வி.டி.ஏ. ஓடும்போது இன்செர்ட் விசையுடன் கீழ் அம்பை அழுத்தினால் கோப்பு முழுவதையும் வாசிக்கத் தொடங்கும். திரையைக் கருப்பாக்கும் வசதியும் அதில் உண்டு. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். திரை தெரிந்துகொண்டிருந்தால் காது கேட்காமல் விட்டதைக் கண் நிரப்பிவிடும், குறை உங்களுக்குத் தெரியாமலே போகும்.

இனி அந்தக் கோட்டுக்கு வருகிறேன். நிறுத்தக்குறிகளில் எவற்றை வாசிக்க வேண்டும் என்பதற்கு ஸ்கிரீன் ரீடரில் அளவு வைத்திருப்பார்கள். வழக்கமான அளவில் அடிக்கோடு ஒலிக்காது. எல்லாக் குறிகளையும் வாசிக்கும்படி மாற்றினால் காற்புள்ளி முதல் அத்தனையும் காதில் வந்து மோதும், வாக்கியம் சிதைந்துபோகும். அதனால் கோட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'பிளாங்க்' என்ற ஆங்கிலச் சொல்லையே எழுதுங்கள். 'ஷி பிளாங்க் டு ஸ்கூல் எவ்ரி டே' என்று கேட்டவுடன் மாணவிக்கு விளங்கிவிடும். அச்சொல் எதைக் குறிக்கிறது என்பதைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இணையப் படிவமாகச் செய்தால் விடைப்பெட்டியை வாக்கியத்தின் நடுவில் வைக்காதீர்கள். அங்கே வாசிப்பு அறுந்துவிடும். முழு வாக்கியம் முதலில், பெட்டி அதன் கீழே. பெட்டிக்கு 'மூன்றாம் வாக்கியத்தின் விடை' என்று பெயர்ச்சீட்டும் வேண்டும். அது இல்லையென்றால் இருபது பெட்டிகளும் ஒரே குரலில் 'எடிட்', 'எடிட்' என்று மட்டுமே சொல்லும்.

'பொருத்துக' இன்னும் கெடுதலானது. இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை வரிவரியாக வாசிக்கப்படும். இடப்பக்கச் சொல்லும் அதற்கு நேரே இருக்கும் தவறான பொருளும் ஒரே மூச்சில் காதில் விழும்; கற்க வேண்டியவர் தவறான இணையைத்தான் முதலில் கேட்பார். சொற்களை முதலில் ஒரு பட்டியலாகவும் பொருள்களை அடுத்த பட்டியலாகவும் கொடுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஆங்கிலத்தை விட்டுவிட்டு நினைவாற்றலைச் சோதிப்பதாகிவிடும். 'அடிக்கோடிட்ட சொல்லின் வகை என்ன' என்ற கேள்விக்கும் இதே கதிதான். அடிக்கோடும் தடித்த எழுத்தும் தாமாக ஒலிப்பதில்லை. சொல்லையே கேள்வியில் எடுத்து எழுதிக் கேளுங்கள்.

நம் பக்கத்து மாணவர்களுக்குத் தமிழ் விளக்கத்தோடு ஆங்கிலம் கற்பிக்கிறோம் அல்லவா, அங்கே இரண்டு தடைகள் உண்டு. முதலாவது எழுத்துரு. வேலூர்க் கோட்டைக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் தமிழ்ப் பகுதியைத் தட்டச்சுக்குக் கொடுத்து வாங்கினேன். திரையில் அழகாக இருந்தது. ஸ்கிரீன் ரீடரில் ஓடவிட்டால் 'அம்மா' என்ற சொல் வரவில்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தி வைத்தவை. வடிவம் நமக்குத் தெரியும். அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துதான் இயந்திரத்துக்குத் தெரியும். ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் தமிழாகவே இயந்திரத்துக்குக் காட்டும் யூனிகோடு முறையில் தட்டச்சு செய்யுங்கள். பழைய கோப்பாக இருந்தால் மாற்றி எடுத்து, வரிவரியாகச் சரிபாருங்கள்.

இரண்டாவது தடை மொழிக்குறி. ஆங்கிலக் குரல் தமிழ்ச் சொல்லைத் தாண்டிப் போய்விடலாம். தமிழ்க் குரல் ஆங்கிலச் சொல்லைக் கேட்கச் சகிக்காமல் உச்சரிக்கலாம். வேர்டு கோப்பில் ஒவ்வொரு பகுதியையும் தேர்ந்தெடுத்து அதன் மொழி எது என்று குறிக்க வழி இருக்கிறது. இணையப் பக்கத்தில் நிரலிலேயே குறிக்கலாம். குறித்துவிட்டால், தமிழ்க் குரலும் நிறுவியிருக்கும் கணினியில் என்.வி.டி.ஏ. மொழிக்கு ஏற்பக் குரலை மாற்றிக்கொள்ளும். அலுப்பான வேலைதான். ஆனால் இருமொழிப் பாடத்துக்கு இதுவே அச்சாணி.

ஆசிரியராகும் உங்களிடம் நான் மிகவும் வேண்டிக் கேட்பது எழுத்துக்கூட்டல் பற்றியது. காதால் மட்டும் ஆங்கிலம் படித்தவர் 'இனஃப்' என்ற சொல்லை ஆயிரம் முறை கேட்டிருப்பார். அதன் முடிவில் ஜி, எச் வரும் என்று அவருக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். என் தோழி அதை எஃப் போட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அது சோம்பல் அன்று, அவளிடம் அந்தச் சொல் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. புதிய சொல் ஒவ்வொன்றையும் அம்பு விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்கும் பழக்கத்தைப் பாடத்திலேயே வையுங்கள். 'பி'யும் 'டி'யும் குழம்பினால், எழுத்தைச் சொல்லும் விசையை இருமுறை அழுத்தினால் 'பிராவோ', 'டெல்டா' என்று தெளிவாகச் சொல்லும். 'அங்கே', 'அவர்களுடைய' என்ற பொருள்களில் 'தேர்' என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரு ஆங்கிலச் சொற்களுக்கென்றே தனிப் பயிற்சி எழுதுங்கள்.

உச்சரிப்புக்கு இயந்திரக் குரலை நம்ப வேண்டாம். 'ஷிப்', 'ஷீப்' வேறுபாட்டை மனிதக் குரலில் பதிவு செய்து கொடுங்கள். கைபேசியே போதும். சித்தூர் ரோட்டில் லாரிகள் கூடுவதற்கு முன், விடியற்காலை ஐந்து மணிக்கு நான் பதிவு செய்வேன். ஒரு பதிவு மூன்று நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன்.

படங்களைச் சொல்லால் விளக்கும் மாற்று உரை, தலைப்புகளுக்கு முறையான தலைப்புப் பாணி, ஸ்கேன் செய்த பி.டி.எஃப். தவிர்த்தல் ஆகியவற்றை இணையப் பக்கங்களை எல்லோருக்கும் எட்டும்படி அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலக நெறிமுறையில் படித்துக்கொள்ளலாம். 2023இல் வெளிவந்த அதன் 2.2 பதிப்பைப் பாருங்கள். பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாட்டை அது கேட்கிறது. வெளிர் மஞ்சளில் தலைப்பு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திட்டக் கட்டுரைக்குத் தலைப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 'பார்வையற்றோரும் ஆங்கிலக் கல்வியும்' என்று எழுதினால் கரை காண முடியாது. 'பிரெபோசிஷன் பயிற்சிகளைக் காதுக்கு ஏற்ப மாற்றி எழுதுதல்' என்றால் ஆறு மாதத்தில் முடிக்கலாம். மூன்று பேரோடு ஆழமாக வேலை செய்தாலே போதும் என்பது என் கருத்து. அவர்களிடம் முதலிலேயே சம்மதம் வாங்குங்கள்; அவர்கள் படித்துப் பார்க்கக்கூடிய கோப்பாகவே சம்மதப் படிவத்தையும் கொடுங்கள். முன்னுரையில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட மறக்காதீர்கள். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடத்தை ஒதுக்கச் சொல்கிறது அது. இடம் கிடைத்து வகுப்புக்குள் வந்தவருக்குப் படிக்கத் தாள் இல்லை என்ற நிலையைத்தான் உங்கள் கட்டுரை தொடப்போகிறது. பாடநூலைப் படிக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றப் பதிப்புரிமை இடம் தருமா என்று கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக மாற்றிக்கொள்ள, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்திருக்கிறது.

கோப்பைக் கொடுத்து முதன்முறை சோதிக்கும் நாளில் மாணவர் பக்கத்தில் உட்காருங்கள். கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தடுமாறினால் விசைப்பலகையை இழுத்து நீங்களே செய்துவிடத் தோன்றும், செய்யாதீர்கள். எந்த வரியில் நின்றார், எதை மறுபடி ஓடவிட்டார், எங்கே பெருமூச்சு விட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே அந்த வரிகளைத் திருத்தி, மறுநாள் அவரிடமே திரும்பக் கொடுங்கள்.